டன்னிங்ஸ் ஓடையில் பிளாட்டிபஸ் இல்லை

எங்கள் ஊரில் பிளாட்டிபஸ் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு; வாத்து அலகும் ரோம உடம்புமாக ஓடையில் வாழ்கிற, முட்டையிட்டுப் பால் கொடுக்கிற பிராணி அது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் கூடி, தேநீர் குடித்து, பெரில் செய்துகொண்டு வருகிற தேங்காய்ப்பூ புரட்டிய கேக்கைத் தின்று, அவரவர் பார்த்ததை எழுந்து சொல்வார்கள். விடியலிலா அந்தியிலா, எத்தனை நேரம் மேலே மிதந்தது, குமிழி எந்தப் பக்கம் ஓடியது, வால் கொழுத்திருந்ததா இளைத்திருந்ததா, எல்லாம் விலாவாரியாக வரும். எங்கே பார்த்தார்கள் என்பதை மட்டும் தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்லமாட்டார்கள். "பாலத்துக்குக் கொஞ்சம் கீழ" என்பார் கிழவர் க்ளாரி. இந்த வட்டாரத்தில் பாலத்துக்கா பஞ்சம்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒருத்தர் ஆசை ஆசையாக ஒரு மடுவின் பெயரைச் செய்தித்தாளில் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. நாய்களை நீரில் இறக்கினார்கள். 'வெளியே வரட்டும்' என்று கல் வேறு எறிந்தார்கள். அந்த மடுவில் அதற்குப் பிறகு ஒன்றும் தென்படவில்லை. அன்றிலிருந்து இவர்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். வண்டியை வெகுதூரம் தள்ளி நிறுத்துவார்கள். மேற்கே போக வேண்டியவர் கிழக்கே கிளம்பிச் சுற்றிக்கொண்டு போவார். கேட்டால் வேறு ஏதாவது இடத்தின் பெயரைச் சொல்வார். உன் மடு எது என்று கேட்பதே அவர்களுக்குள் அநாகரிகம்.

நான் அதில் சேரவில்லை. பனியில் நனைந்த புல்லில் மூச்சு விடாமல் உட்கார்ந்து முட்டியைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்து. எனக்குக் கடை இருக்கிறது. ரொட்டி, பால், ஐஸ், தூண்டில் சாமான் விற்கிறேன். வருகிறவர்களை நன்றாக வைதுவிட்டு மீதிச் சில்லறை கொடுப்பேன் என்று ஊரில் பேச்சு. அது பொய்யில்லை.

ஆனால் என் தம்பி ராய்ஸின் மனைவி கோரல் அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரி. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்தால் அது மீனா, வாத்தா, நீரெலியா, பிளாட்டிபஸ்ஸா என்று வளையம் கலைவதற்குள் சொல்லிவிடுவாள். க்ளாரிக்கே ஒருமுறை கூட்டத்தில் வைத்து, "நீங்க பாத்தது நீரெலி, க்ளாரி. வால் நுனி வெள்ளையா இருந்துச்சுன்னு நீங்களேதான சொன்னீங்க?" என்று சொல்லி அவர் முகத்தில் ஈயாடாமல் செய்தவள்.

ராய்ஸ் ரோடு போடுகிற இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனசு தங்கம், வாய் ஓட்டை. அவனிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அன்று சாயங்காலமே பப்பில் பீரோடு சேர்த்துப் பரிமாறிவிடுவான். அதனால் கோரல் அவனிடம், பிளாட்டிபஸ் பார்க்க மேலணைக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள். கார் மேலணை ரோட்டில்தான் கிளம்பும். பழைய பால்பண்ணை வந்ததும் உள்ளே திரும்பி நின்றுவிடும். அங்கிருந்து வேலி தாண்டி நடந்து அவள் வந்து உட்காருகிற இடம் டன்னிங்ஸ் ஓடையின் மூன்றாவது வளைவு. அது இவர்கள் வீட்டு நிலத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேலே வராந்தாவில் ராய்ஸ் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். கீழே கரையில் பெண்டாட்டி ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். இப்படியே வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. எனக்கே இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

அந்த வசந்தத்தில் கோரல் ஒன்றைப் பார்த்தாள். ஒரு பெட்டை, ஈரச் சருகுகளை வாலுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி நீந்திப் போயிற்று. சருகு கொண்டுபோனால் வளைக்குள் கூடு கட்டுகிறது, முட்டை வைக்கப் போகிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் மழை பொய்த்தது. ஓடை அங்கங்கே வறண்டு வெடித்து, மேலேயும் கீழேயும் வெறும் கல்லானது. மூன்றாவது வளைவு மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் "இந்த மாசம் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லத் தொடங்கினார்கள். கோரல் மட்டும் தினமும் அந்தியில் தன் பெட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைக்குள் குட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன. கோடை முடிவதற்குள் அவை வெளியே வந்து முதல்முறை தண்ணீரில் இறங்கும். அதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

எங்கள் பக்கம் ஜனவரிதான் உச்சக் கோடை; அந்த வெயிலில் ஒருநாள் ராய்ஸ் கடைக்கு வந்தான்.

"அக்கா, ஆட்டுக் கழுத்து எதாவது கெடக்குதா? நாத்தமடிச்சாலும் பரவால்ல."

"நாத்தமடிக்கிற கறிய வெச்சுக்கிட்டு நான் கடை நடத்துறேன்னு ஊரெல்லாம் சொல்லு. எதுக்குடா?"

"யாபி புடிக்க. சனிக்கெழம கோரலுக்கு அறுபது வருதுல்ல. நாங்க பழக ஆரம்பிச்சப்ப அவளுக்கு நான் மொதமொதல்ல வேகவெச்சுக் குடுத்தது யாபிதான். மடுவுல இப்பத் தண்ணி கொறஞ்சு எல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கும். பக்கெட் பக்கெட்டா அள்ளலாம்."

யாபி எங்கள் ஓடைகளில் இருக்கிற இறால். பெரிய கொடுக்கு, இனிப்பான வால்கறி. கோரலுக்கு அது என்றால் உயிர்.

"எந்த வலையப் போடப் போற?"

"அப்பாவோட வலதான். கொட்டகைல தொங்குதே."

"டேய், அந்த மூடின கூண்டா? கதவுல ஒட்டியிருக்கறது கண்ணுல படலியா ஒனக்கு? அதெல்லாம் தடை பண்ணியாச்சு. மேல தெறந்த வலதான் போடணும். உள்ள பூந்த பிளாட்டிபஸ் மூச்சு வாங்க மேல வர முடியாம செத்துப்போவும்."

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான்.

"படிச்சேன் படிச்சேன். அது பிளாட்டிபஸ் இருக்கற ஓடைக்கு. நம்ம ஓடைல ஏதுக்கா? நான் அங்கயே பொறந்து வளந்தவன், ஒண்ணக்கூடக் கண்டதில்ல. கோரலே அதத் தேடிக்கிட்டு மேலணை வரைக்கும் பெட்ரோல எரிச்சிட்டுப் போறா. வீட்டுக்குப் பின்னாலயே இருந்தா அவ ஏன் அவ்ளோ தூரம் போறா? நீயே சொல்லு."

 டன்னிங்ஸ் ஓடையில் பிளாட்டிபஸ் இல்லை என்றுதான் ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. சட்டம் சட்டம்தான்டா என்று தொண்டை வறளக் கத்தினேன். கறியும் இல்லை, ஒன்றும் இல்லை, போ என்று விரட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே எதிரே இருந்த கறிக்கடைக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோரல் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து அவன் வலையைப் போட்டிருக்கிறான். ஆச்சரியப் பரிசு, அவளுக்குத் தெரியக் கூடாது. கயிற்றைத் தண்ணீருக்கு அடியில் ஒரு வேரில் கட்டி மறைத்திருக்கிறான். அன்று அந்தியில் கோரல் வழக்கம்போல மேலணைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்க்கரையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இருட்டுகிறவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் பெட்டை மேலே வரவில்லை. இன்றைக்கு முன்னாலேயே இரை எடுத்துப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தாளாம்.

சனிக்கிழமை காலை கேக்கை எடுத்துக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோரல் அடுக்களையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை. அறுபது வந்ததே என்று வருத்தமா என்று சீண்டினேன். அவள் சிரிப்பதற்குள் பின்கதவு திறந்தது.

ராய்ஸ் சொட்டச் சொட்ட நின்றான். கையில் வலை. அடியில் யாபிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் பழுப்பு ரோமத்தோடு ஓர் உடல் கிடந்தது.

"அக்கா," என்றான் என்னைப் பார்த்து. கோரலை அவனால் பார்க்க முடியவில்லை. "அக்கா, இது என்னன்னு பாரேன். நீரெலி தான? நீரெலின்னு சொல்லு."

நீரெலி இல்லை. அலகு வலையின் கண்ணி ஒன்றில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அலகின் ஓரம் முழுக்கத் தேய்ந்து கிழிந்திருந்தது. வெளியே வர எத்தனை நேரம் முட்டியிருக்குமோ.

கோரல் கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், தரையில் மண்டியிட்டு வலையின் முடிச்சை அவிழ்த்தாள். அதை வெளியே எடுத்துப் பின்னங்கால்களைத் தடவிப் பார்த்தாள். ஆணுக்குத்தான் அங்கே விஷமுள் இருக்கும்.

"அவதான்," என்றாள்.

"யாரு அவ?" என்றான் ராய்ஸ்.

கோரல் அதை மடியில் வைத்துக்கொண்டாள். காட்டு மிருகங்களைப் பராமரிக்கிற டானியாவுக்குப் போன் போடச் சொன்னாள். நான்தான் போட்டேன், எல்லாருக்கும் கேட்கிறபடி வைத்தேன். டானியா நாலு கேள்வி கேட்டாள். பிறகு, "கோரல், வயித்துல முடிய வெலக்கிட்டு மெதுவா அழுத்திப் பாரு" என்றாள்.

பிளாட்டிபஸ்ஸுக்கு முலைக்காம்பு கிடையாது. பால் தோலில் கசிந்து ரோமத்தில் இறங்கும், குட்டிகள் அங்கேயே நக்கிக் குடிக்கும். கோரல் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் நனைந்தது. வெள்ளையாக இருந்தது.

"பால் இருக்கு," என்றாள் போனைப் பார்த்து.



"அப்ப குட்டிங்க உள்ளதான் இருக்கு," என்றாள் டானியா.

ராய்ஸ் ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரையையே பெயர்த்துவிடுகிறேன் என்றான். டானியா போனிலேயே அலறினாள். வளை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது, தாய் வெளியே வரும்போதெல்லாம் வழியை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் வரும், தோண்டினால் கூரை இடிந்து குட்டிகள் மேலேயே விழும் என்றாள். குட்டிகள் ஓரளவு வளர்ந்திருந்தால் பசி தாங்காமல் தாமாகவே வழியைத் திறந்துகொண்டு வெளியே வரலாம், வந்தால் உடனே பிடித்துப் பாலூட்டலாம், அது ஒன்றுதான் வழி என்றாள். "மடுவையே பாத்துக்கிட்டு இருங்க. கண்ண எடுக்காதீங்க."

அப்போதுதான் ராய்ஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கோரலைக் கேட்டான்.

"மேலணைன்னு சொன்னியே."

"ஆமா."

"எத்தன வருஷமா?"

"எனக்கு ஞாபகம் இல்ல, ராய்ஸ்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தத் தண்ணில கால வெச்சிருப்பனா? ஒரு வார்த்த!"

"ஒங்கிட்ட சொன்னா பப்புக்கே சொன்ன மாதிரி. அதான் சொல்லல." அவள் குரல் அங்கே உடைந்தது. "மூடின வல கூடாதுன்னு ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சேதான போட்ட?"

"இங்கதான் இல்லியேன்னு போட்டேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் தீர்ப்புச் சொல்லுவேன் என்பதுபோல. யாரை வைவது? வாயில் வைகிறதுக்கா குறைச்சல் எனக்கு.  "கரைக்குப் போங்க ரெண்டு பேரும்," என்று மட்டும் சொன்னேன். உயிரோடிருந்த யாபிகளை வாளியில் எடுத்துப்போய் மடுவிலேயே விட்டேன். கேக்கை யாரும் வெட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ராய்ஸ் அந்தக் கரையை விட்டு அசையவில்லை. பகலெல்லாம் வெயிலில் அங்கேயே கிடந்தான். நான் கொண்டுபோன ரொட்டி காய்ந்து கிடந்தது. கோரல் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும், நாலு கண் இருந்தால் நல்லதுதானே. இவ்வளவு வருஷம் அவனுக்கு மறைத்ததையெல்லாம் அவன் காதோரம் கிசுகிசுத்தாள்.

"அது காத்து. அதப் பாக்காத. நடுவுல பாரு. குமிழி கோடு மாதிரி ஓடினா அடியில மேயுதுன்னு அர்த்தம். வளையம் வந்தா நடுப்புள்ளியப் பாரு. கைய ஆட்டாத."

"இதா? இதோ இதா?"

"அது சேத்துல இருந்து வர்ற காத்துக் குமிழி. நின்ன எடத்துலயே வருதுல்ல."

"அதோ அது?"

"எல விழுந்திருக்கு, ராய்ஸ்."

இரண்டாம் நாள் அந்தியில் நானும் இருந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. சேற்றின் வாடை. திடீரென்று எதிர்க்கரையோரம் ஒரு வளையம் விரிந்தது. நடுவில் பழுப்பாக ஒரு சின்ன முதுகு எழும்பியது. ராய்ஸ் என் கையைப் பிடித்து நசுக்கினான்.

"வந்திருச்சு," என்றான். சத்தம் போடக்கூடாதென்று மூச்சிலேயே சொன்னான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "கோரல், வந்திருச்சு பாரு. சின்னது. குட்டிதான். குட்டி வந்திருச்சு."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.  குட்டியைப் பிடிக்க டானியா கொடுத்தனுப்பியிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு அவன் மெதுவாகத் தண்ணீரில் இறங்கினான்.

கோரல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வளையத்தைப் பார்த்தபோதே தெரிந்திருக்கிறது. ஒரு நொடி, அவனுக்காக, சொல்லாமல் இருந்தாள். அவ்வளவுதான் அவளால் கொடுக்க முடிந்தது.

"வாலப் பாரு, ராய்ஸ்," என்றாள்.

அந்தப் பிராணி கல்லில் ஏறி உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டது. வாலின் நுனி வெள்ளை. அவன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். என் தம்பி அப்படி அழுது நான் பார்த்ததில்லை, எங்கள் அப்பா செத்தபோதுகூட.

வேறு எதுவும் வெளியே வரவில்லை. அந்த வாரம் கழிந்து டானியா வந்து கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்றாள். எங்கள் காலுக்கடியில் எங்கேயோ அவை கிடந்தன. ஒன்றா இரண்டா என்றுகூடத் தெரியாது. பெட்டையைக் கோரல் கரையிலேயே புதைத்தாள். குழியை ராய்ஸ்தான் வெட்டினான்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவர்கள் இரண்டு பேரையும் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ராய்ஸ் அந்தக் கூடத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. உள்ளே உட்காரவில்லை, கதவோரமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரில் கோரலைக் கட்டிக்கொண்டு அழுதாள். க்ளாரி மூக்கைச் சிந்தினார். ராய்ஸை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோரல் எழுந்தாள்.

"டன்னிங்ஸ் ஓட," என்றாள். "மூணாவது வளைவு. எங்க வீட்டுக்கு நேர் கீழ."

அந்தக் கூடத்தில் இதற்கு முன் யாரும் அப்படி இடத்தைச் சொன்னதில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"இப்ப எதுக்கும்மா அத?" என்றார் க்ளாரி, பாவம், அவளுக்காகக் கூச்சப்பட்டு.

"அப்பவே சொல்லியிருந்தா என் புருஷன் வல போட்டிருக்க மாட்டான். நீங்களும் சொல்லுங்க. பேப்பர்ல வேணாம். பக்கத்துல குடியிருக்கறவங்ககிட்டயாவது சொல்லுங்க. இப்ப மழையில்ல, எல்லாம் ஒரே மடுவுல வந்து ஒதுங்குது. யாபியும் அங்கதான், அதுங்களும் அங்கதான்."

 பெரில் கைக்குட்டையை மடித்தாள். "முக்கியமான விஷயம்தான். எல்லாரும் மனசு ஒடஞ்சிருக்கோம். அடுத்த மாசம் ஆற அமரப் பேசலாமே," என்றாள்.

அப்போது கதவோரத்திலிருந்து ராய்ஸ் பேசினான்.

"நான் எதும் தெரியாதவன். கொன்னவன் நான்தான், அத மறைக்கல. ஆனா எங்க ரோட்டுல கொட்டகைக்குக் கொட்டகை அந்த வல தொங்குது. அவங்கல்லாம் எங்கூடத்தான் குடிக்கறாங்க. நான் போய்ப் போடாதீங்கடான்னு சொல்லப் போறேன். எங்க ஓடைலதான் அது இல்லியேம்பாங்க. நானும் அதான் சொன்னேன். அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"எங்கயுமே போடக்கூடாதுன்னு சொல்லு," என்றார் க்ளாரி, தரையைப் பார்த்தபடி.

"அது எங்கக்கா கட வாசல்ல எழுதியே ஒட்டியிருந்துச்சுங்க. நான் படிச்சேன்." அவன் குரலில் கோபமே இல்லை. "எந்தெந்த மடுன்னு சொல்லுங்க. பப்புல சொல்லமாட்டேன். நானே ஒவ்வொரு வீடா நடந்து போய்ச் சொல்றேன்."

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கெட்டவர் என்று ஒருத்தரும் இல்லை அங்கே. பிளாட்டிபஸ்ஸுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள், சற்று முன்னால்தான் அழுதவர்கள். பெரில் வாயைத் திறந்தாள், க்ளாரியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். யாரோ தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பையில் ஊற்றினார்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

ராய்ஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.